காலுறைக்குள் கோதுமை

ஞாயிறு பூசைக்கென்று வாங்கிப் போட்டு, நூல் ஓடிக் கிழிந்து, தூக்கிப் போட மனசில்லாமல் அலமாரியின் அடித்தட்டில் சுருட்டி வைத்திருந்த நைலான் காலுறைகளுக்கு இப்படியொரு மரியாதை வரும் என்று லியோந்தீன் நினைத்ததே இல்லை. அவள் புருஷன் அல்பான் சமையலறை வாசலில் வந்து நின்று தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். அவன் தொப்பியைத் திருகினால் ஏதோ கேட்கப்போகிறான் என்று அர்த்தம். கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அப்படித்தான் திருகினான்.

"பழைய ஸ்டாக்கிங்ஸ் ஏதாவது இருக்கா?"

"எதுக்கு? பாங்க்குல கொள்ளையடிக்கப் போறியா? உன் மூக்குக்கு அது பத்தாது அல்பான்."

"புழுவுக்கு."

"புழுவுக்குக் குளிருதாமா?"

அவன் சிரிக்கவில்லை. "இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

பிரெஞ்சு பேசும் அந்தக் கிழக்குக் கடற்கரைத் தீவில் உருளைக்கிழங்கு போடுகிற எவருக்கும் எந்தப் புழு என்று கேட்கத் தோன்றாது. கம்பிப்புழுதான். ஒரு விரல்கணு நீளம், வைக்கோல் நிறம், பேருக்கேற்ற விறைப்பு. மண்ணுக்கு மேலே தலைகாட்டாது. கிழங்கு திரளும் காலத்தில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். மேலே செடி பச்சைப்பசேலென்று நின்று நம்மை ஏய்க்கும். அறுவடையன்று தோண்டினால் ஆணி அடித்ததுபோலக் கிழங்கெல்லாம் ஓட்டை. வறுவல் ஆலைக்காரன் ஒரு கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு லாரியை அப்படியே திருப்பிவிடுவான்.

நிலத்தின் மேல் நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே புழு இருக்கிறதா என்று தெரியாது. விருந்து வைத்துத்தான் அழைக்க வேண்டும். கோதுமையை இரவெல்லாம் ஊறவைத்து, காலுறையின் பாதத்தில் இட்டு முடிச்சுப் போட்டு, ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே மண்ணைக் குவித்து, சூடு தங்குவதற்காகக் கறுப்பு பிளாஸ்டிக் தாளைப் போர்த்த வேண்டும். இடம் மறந்துபோகாமலிருக்கப் பக்கத்தில் ஒரு சின்னக் கொடி. இரண்டு வாரம் கழித்துத் தோண்டினால், புழு இருக்கும் வயலென்றால் விருந்தாளிகள் காலுறையில் கூடியிருப்பார்கள்.

ஜோசெத் இந்த வீட்டில் இருப்பாளா போவாளா என்பது அந்த விருந்தில்தான் தெரியவேண்டும். ஜோசெத் அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பிள்ளை. அவள் புருஷன் ரேஜான் மேற்கே ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். அவள் குளிர்காலம் முழுக்க அம்மா வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, ஞாயிறு தோறும் போனில் அவனோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அல்பானிடம் இப்போது இருப்பது வீட்டுக்குப் பின்னால் கடல் மேட்டை ஒட்டிய செம்மண் வயல் ஒன்றுதான். மற்றதையெல்லாம் குத்தகைக்கு விட்டுவிட்டான். அந்த வயல் சுத்தமாக இருந்தால் ரேஜான் வேலையை விட்டுவிட்டு வருவான், இந்த வசந்தத்திலேயே உருளை நடுவார்கள். புழு இருந்தால் ஜோசெத் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவனிடம் போவாள். சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் வைத்துக்கொண்டே பேசி முடிவானது இது.

மேற்கே போன பிள்ளைகள் திரும்பி வந்த கதை அந்தப் பக்கத்தில் அதிகமில்லை. முதல் வருஷம் கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். அப்புறம் போட்டோ வரும். பேரப்பிள்ளைகள் போட்டோவிலேயே வளர்ந்து, போனில் பிரெஞ்சு தெரியாமல் ஆங்கிலத்தில் ஹலோ சொல்வார்கள். லியோந்தீனின் தங்கை வீட்டுச் சுவர் முழுக்க அப்படிப்பட்ட போட்டோக்கள்தான். அந்தச் சுவரைப் பார்க்க லியோந்தீனுக்குப் பயம்.

அல்பான் தீவனக் கடையிலிருந்து ஒரு மூட்டை கோதுமை வாங்கி வந்து பின்கட்டில் இறக்கினான். "இன்னிக்கு ஊறப்போட்டு வையி. காலையில கட்டிக் குடு" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தேடிக்கொண்டு போனான். ஜோசெத் கொடிக் குச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையில் லியோந்தீன் தனியாக இருந்தாள்.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு துணிப்பை தொங்கியது. தலையணை அளவுப் பை. அதில் இருந்தது ரெமியின் கோதுமை.

ரெமி அவர்களின் மகன், ஜோசெத்தின் அண்ணன். புனித மாற்கு திருநாளன்று விதையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவது அந்தப் பங்கின் வழக்கம். எல்லோரும் ஒரு கைப்பிடி கொண்டுபோவார்கள். அதை மற்ற விதையோடு கலந்து விதைத்தால் போதும். ரெமி தலையணைப் பை நிறையக் கொண்டுபோனான். "நான் இத மந்திரிக்கணுமா, இல்ல தூக்கணுமாப்பா?" என்று பங்குச்சாமி கேட்க, கோயிலே சிரித்தது. திரும்பி வந்து, ஈரம் படாத இடம் எது என்று பார்த்து, அவனேதான் அந்த ஆணியை அடித்துப் பையை மாட்டினான்.

அது நடந்த வாரத்திலேயே சிங்கி இறால் பருவம் திறந்தது. கூண்டுகளைக் கடலில் இறக்கும் முதல் நாளில் எல்லாப் படகுக்கும் ஆள் வேண்டும். லியோந்தீனின் அண்ணன் படகுக்கு ஓர் ஆள் குறைந்தது. "ஒரு நாள்தானேம்மா, மாமா கூப்பிடறாரு" என்று ரெமி போனான். கூண்டுகளின் பாரத்தில் படகு கவிழ்ந்தது. மற்றவர்களைத் தூக்கிவிட்டார்கள். கூண்டு கிடைத்தது, கயிறு கிடைத்தது, ரெமியின் தொப்பி கிடைத்தது. ரெமி கிடைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவன் பேருக்கு ஒரு கல் நட்டார்கள். லியோந்தீன் அந்தப் பக்கம் போனதே இல்லை. கிடைக்காதவனுக்குக் கல் எதுக்கு என்று பங்குச்சாமியிடமே கேட்டாள். அல்பானோ அந்த வருஷம் பின்வயலில் கோதுமை போடவில்லை. புல் விதையைத் தூவிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அங்கே ஏர் பிடிக்கவும் இல்லை, ரெமியின் பேரை வாயில் எடுக்கவும் இல்லை. ஐந்து வருஷமாக அந்த வயல் புல்லாகவே கிடந்தது. பை அடுப்போரம் தொங்கியது. வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்பதால் லியோந்தீன் அதை வேறெங்கும் மாற்றவில்லை.

இப்போது அவள் பையைப் பார்த்தாள். கடைக் கோதுமையைப் பார்த்தாள். கடைக் கோதுமைக்கு என்ன தெரியும்? அதற்கு ஜோசெத் யார், ரேஜான் யார்? தங்கைக்காக மண்ணுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வா என்றால் அண்ணனின் கோதுமை போகாதா? மந்திரித்த கோதுமை இறங்கிய மண்ணில் புழு இருக்குமா? அவள் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. இதை ஒரு செபமாகத்தான் நினைத்தாள்.

பையை இறக்கினாள். ஐந்து வருஷத்தில் அதைக் கையில் வாங்கியது அன்றைக்குத்தான். அவள் நினைத்திருந்ததைவிட லேசாக இருந்தது. செபமாலை சொல்லிக்கொண்டே முழுவதையும் தண்ணீரில் கொட்டினாள். வெறும் ஆணியில் தன் ஏப்ரனை மாட்டினாள். கடைக் கோதுமையைக் கோழிக்கூண்டு வாசலில் வாரி இறைத்தாள். கோழிகளுக்கு அப்படியொரு திருவிழா அதுவரை வாய்த்ததில்லை. தின்ன முடியாமல் மிதித்துச் சேற்றில் அமுக்கின.

மறுநாள் காலை மூவருமாய் வயலில் இறங்கினார்கள். கடற்காற்று பிளாஸ்டிக் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தது. அல்பான் குழி தோண்ட, லியோந்தீன் முடிச்சுப் போட்ட காலுறையை ஒவ்வொன்றாக இறக்க, ஜோசெத் மண்ணைத் தள்ளித் தாளின் ஓரத்தைக் காலால் அமுக்கினாள்.

"அம்மா, இத்தனை ஸ்டாக்கிங்ஸா? மரவட்டைக்குக்கூட இவ்வளவு காலு கிடையாதும்மா."

"உங்கப்பனோட வருஷா வருஷம் டான்ஸ் ஆடினதுல கிழிஞ்சது."

"அவ என் காலை மிதிச்சதுல கிழிஞ்சது" என்றான் அல்பான். ஜோசெத் சிரித்தாள். இந்தச் சிரிப்பு இங்கேயே இருக்கட்டும் ஆண்டவரே என்று லியோந்தீன் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் பனி முழுக்க விலகி, மண் கொஞ்சம் சூடு பிடித்தது. தோண்டும் நாளன்று ஜோசெத் வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைப் பிக்கப் வண்டியின் பின்பலகையில் வைத்தாள். வெள்ளையில்தான் புழு தெரியும். முதல் காலுறையைக் கிழித்துக் கொட்டினாள். கோதுமையும் செம்மண்ணும் விழுந்தன. விரலால் பரப்பினாள். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு மண்புழு வந்து மூவரையும் தட்டின்மேல் குனிய வைத்தது. கடைசிக் கொடி வரைக்கும் போனார்கள். பார்த்த கோதுமையையும் காலுறையையும் அந்தந்தக் குழியிலேயே போட்டு மண்ணைத் தள்ளினார்கள்.

ஜோசெத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். "சுத்தம்மா. அம்மா, வயலு சுத்தம்." செம்மண் கையோடு போனை எடுத்து ரேஜானைக் கூப்பிட்டாள். அவன் அங்கிருந்து கத்தியது காற்றையும் மீறிக் கேட்டது. மாசக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றான்.

அல்பான் மட்டும் கடைசிக் குழியில் போட்ட காலுறையைத் திரும்ப எடுத்துப் பார்த்தான். அழுத்தினான், முகர்ந்தான். ஜோசெத் போனை மறைத்துக்கொண்டு, "என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. மண்ணு இன்னும் குளிரா இருக்கும்போல" என்று சொல்லிப் போட்டுவிட்டான்.

அன்று மத்தியானம் லியோந்தீன் ராப்பூர் செய்தாள். உருளையைத் துருவிப் பிழிந்து, கோழிக்கறி வைத்து, மேலே மொறுமொறுக்கும்வரை அடுப்பில் சுட்டெடுத்தாள். ஜோசெத் மூன்று துண்டு தின்றாள். அல்பான் ஒரு துண்டோடு எழுந்துவிட்டான். அவன் ராப்பூரை மிச்சம் வைத்து எழுந்த நாள் அந்த வீட்டில் இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

மறுநாள் முட்டை எடுக்கப் போனவன் வெகுநேரம் வரவில்லை. லியோந்தீன் போய்ப் பார்த்தாள். அவன் கோழிக்கூண்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கோழிகள் மிதித்து அமுக்கிய இடமெல்லாம் கோதுமைப் பயிர் ஒரு விரல் உயரத்துக்கு நெருக்கமாக எழும்பியிருந்தது.

"இது நான் வாங்கிட்டு வந்த கோதுமை" என்றான் அல்பான்.

அவள் கீழே கிடந்த முட்டைக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

"இந்தக் குளிருலயும் இது முளைச்சிருக்கு. அங்க ஸ்டாக்கிங்ஸுக்குள்ள ஒரு வேர்கூட வெளிய வரல. முளைச்சிருந்தா நைலான் பூராவும் மீசை மாதிரி வேரு நீட்டியிருக்கணும். வழவழன்னு, புளிச்ச நாத்தத்தோட வந்துது. நீ எதக் கட்டிக் குடுத்த லியோந்தீன்?"

"ரெமியோட கோதுமை."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான். அவள் பின்னாலேயே போனாள். அவன் அடுப்போரம் நின்று, ஆணியில் தொங்கிய ஏப்ரனைத் தூக்கிப் பார்த்தான். விட்டான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"மந்திரிச்ச கோதுமை" என்றாள் அவள். "நல்லதுக்குத்தான் போட்டேன். அதுவும் கோதுமைதானே, பசிச்ச புழு தின்ன வராதா?"

"தின்ன வர்றதில்லடி. விதை முளைக்கும்போது மூச்சு விடும். அந்த மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் புழு இருட்டுல வழி கண்டுபுடிச்சு வரும். அஞ்சு வருஷம் அடுப்புச் சூட்டுல தொங்கின விதை அது. செத்துப்போச்சு. செத்தது மூச்சு விடாது. நாம ஒண்ணுமே பாக்கல லியோந்தீன். அந்த வயல்ல என்ன இருக்குன்னு நமக்கு ஒண்ணுமே தெரியாது."

செத்துப்போச்சு என்ற சொல் அவள் நெஞ்சில் போய் இடித்தது. அவனுக்கும்தான் இடித்திருக்கும், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அவகிட்ட சொல்லாத" என்றாள் கடைசியில். "இருந்துட்டுப் போகட்டும். வயலு நெசமாவே சுத்தமாக்கூட இருக்கலாம்."

"நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும். ரேஜான் வேலைய விடறதுக்குள்ள சொல்லணும்."

லியோந்தீன் ஒரு வழி கண்டுபிடித்தாள். வழி என்று அவள் நினைத்துக்கொண்டாள். கோழிக்கூண்டு வாசலில் முளைவிட்ட கோதுமையை வேரோடு அள்ளினாள். மூட்டையின் அடியில் மிஞ்சியிருந்ததையும் ஊறவைத்துச் சேர்த்தாள். நல்ல காலுறை ஒன்றே ஒன்றுதான் மிச்சம், ஈஸ்டருக்கு வாங்கியது. அதில் கட்டி, ஜோசெத் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து வயலின் நடுவில், எடுக்காமல் கிடந்த பழைய தாள் ஒன்றுக்கு அடியில் புதைத்தாள். இதில் ஒன்றும் வரவில்லையென்றால் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. ஆண்டவரோடு அவள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. அவர் கையெழுத்துப் போட்டாரா என்று அவள் கேட்கவில்லை.

அந்த நாட்கள் நரகம்தான். ஜோசெத் சால் ஓடவேண்டிய இடங்களை வயலில் அளந்தாள். ரேஜானுக்காக மாடியறைச் சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்தாள். "அம்மா, ரேஜான் தொட்டில் செய்யத் தெரியும்னு சொல்றான். அவன் செஞ்ச ஸ்டூலே ஆடுது" என்று சிரித்தாள். லியோந்தீனும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கோழிக்கூண்டுக்குப் போய் அழுதாள்.

மாசக் கடைசி நெருங்கிவிட்டது. ஒரு காலையில் அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். தாளை விலக்கும்போதே மண் வெதுவெதுப்பாக இருந்தது. காலுறை கைக்கு வந்தபோது வெள்ளை வேர்கள் நைலானைத் துளைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் நீண்டிருந்தன. வேர்களுக்கு நடுவில் வைக்கோல் நிறத்தில் சிலது நெளிந்தன. அவள் காலுறையைக் கிழித்தாள். உள்ளே கொத்தாகப் புழு. முளையின் கழுத்தைக் கடித்துப் பிடித்தபடி சில, விதைக்குள் தலையைக் கொடுத்தபடி சில. சின்னதும் பெரியதுமாக, எத்தனை தலைமுறையோ.

லியோந்தீன் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் திரும்பப் போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? கடலைத் தவிர அங்கே பார்க்க ஆள் இல்லை. ஒரு கோடைகாலம் முழுக்க மகள் வீட்டில் இருப்பாள். மருமகன் ஆடுகிற தொட்டில் செய்வான். ஒரு கோடை என்பது சின்ன விஷயமா? ரெமியோடு இன்னும் ஒரு கோடை கிடைத்தால் அவள் எதைத்தான் கொடுக்கமாட்டாள்?

ஆனால் கிழங்கு தோண்டும் நாளும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பி வரும் லாரி தெரிந்தது. வேலையை விட்டுவிட்டு வந்த ரேஜானின் முகம் தெரிந்தது. அப்போது போகிற மகள் கிறிஸ்துமஸுக்குக்கூட வரமாட்டாள். அவள் கோட்டுப் பையிலிருந்த ஜாம் பாட்டிலை எடுத்தாள். பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புழுக்களைப் பொறுக்கிப் போட்டு மூடினாள்.

ஜோசெத் சமையலறை மேசையில் விதைக்கிழங்கு வெட்டும் பழைய கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். லியோந்தீன் பாட்டிலை அவள் முன்னால் வைத்தாள்.

"இது எங்கிருந்தும்மா?"

"நம்ம வயலு."

"அன்னிக்கு ஒண்ணுகூட வரலையே?"

லியோந்தீன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கடைக் கோதுமை கோழிக்குப் போனது, அடுப்புச் சூடு, செத்த விதை, ஈஸ்டர் காலுறை. எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் ஜோசெத் எழுந்துபோய் ஏப்ரனைத் தூக்கி வெறும் ஆணியைப் பார்த்தாள். ஒரே மாதத்தில் அந்த ஆணியை அப்படிப் பார்த்த இரண்டாவது ஆள் அவள்.

"எல்லாத்தையுமா போட்ட?"

"எல்லாத்தையும்."

"ஒரு பிடியாவது வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று சொல்லிவிட்டு ஜோசெத் அழுதாள். வயலுக்காக அவள் அழவில்லை. அண்ணன் பைக்காக அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். "பெருசு பெருசா இருக்கறதெல்லாம் நாலஞ்சு வருஷத்துப் புழு. மண்ணுக்குள்ளயே அத்தனை வருஷம் இருந்துட்டுத்தான் வண்டாகும்."

"புல்லு போட்ட வருஷத்து முட்டை" என்றான் அல்பான். அவன் எப்போது வந்து வாசலில் நின்றான் என்று இருவருக்கும் தெரியாது. தொப்பி கையில் இருந்தது, ஆனால் அதைத் திருகவில்லை. "உங்கண்ணன் உழுதுட்டுப் போன சால் அது. அதும்மேல இன்னொருதரம் ஏர் போட எனக்குக் கை வரல. புல்லாவே கெடக்கட்டும்னு விட்டேன். அந்த வண்டுக்குப் புல்லுதான் வீடு. நான்தான் வீடு கட்டிக் குடுத்திருக்கேன். உங்கம்மாவ ஒண்ணும் சொல்லாத."

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலப்பா."

அவள் சொல்லவில்லைதான். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மஞ்சள் வண்ணம் அடித்த அறைக் கதவு சாத்தப்பட்டது.

கிளம்பும் நாளன்று காரில் பெட்டிகளை ஏற்றியபின் ஜோசெத் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லாம இருந்திருந்தா நான் இருந்திருப்பேன்மா."

"இருந்திருப்ப. கிழங்கு தோண்டற வரைக்கும்."

"கடுகு போடுங்க. ரெண்டு வருஷம் கடுகு போட்டு மடக்கி உழுதா புழு குறையும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறமா மறுபடியும் வெச்சுப் பாப்போம்."

"வருவியா?"

"வருவேன்" என்றாள் ஜோசெத். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். மேற்கே போனவர்கள் எல்லோரும் நம்பித்தான் சொன்னார்கள். கார் திரும்பும் வரைக்கும் லியோந்தீன் கையை ஆட்டினாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நிற்க அவளுக்கு நன்றாக வரும், பழக்கம்தானே.

கடுகு விதைக்க மறுநாள் உழுவதாக அல்பான் சொன்னான். ஏரில் நைலான் சிக்கினால் சுற்றிக்கொள்ளும் என்பதால் பழைய காலுறைகளையெல்லாம் குழிகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். லியோந்தீன் வாளியோடு போனாள். முதல் கொடியிடத்தில் மண்ணை விலக்கிக் காலுறையை எடுத்தவள் அதை வாளியில் போடவில்லை. மண்டியிட்டு, அதோடு கிடந்த கோதுமையை உள்ளங்கையில் அள்ளி ஒவ்வொரு மணியாகத் திருப்பிப் பார்த்தாள். கறுத்து, ஊதி, நசுங்கும் மணிகள். காலுறையை ஓரமாகப் போட்டுவிட்டு மணிகளை வாளியில் சேர்த்தாள். அடுத்த கொடிக்குப் போனாள். அங்கேயும் அப்படியே செய்தாள்.

வெகுநேரமாகியும் வராததால் அல்பான் தேடிக்கொண்டு வந்தான். "என்ன தேடற?"

"ஒண்ணாவது முளைச்சிருக்கும். இவ்வளவு நாளு வெயிலு பட்டுதே. ஒண்ணே ஒண்ணாவது."

அவன் வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரன், புல்லைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டான். மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு அவனும் தேடினான். ஒரு குழியை அவள் பார்க்க அடுத்ததை அவன் பார்த்தான். சந்தேகமானதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். முளை என்று நினைத்தது புல்வேராக இருந்தது. அப்படியே கடல் பக்கத்துக் கடைசிக் கொடி வரைக்கும் வந்துவிட்டார்கள். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"லியோந்தீன்" என்றான் அல்பான். "ரெமி போயிட்டான்."

ஐந்து வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தப் பேர் வந்த முதல் தடவை அது. அவள் அவனைப் பார்த்தாள். கையிலிருந்த கோதுமையையும், வாளியில் சேர்த்து வைத்திருந்ததையும் கடைசிக் குழியில் கொட்டினாள். ஒரு பிடி செம்மண்ணை அள்ளி அதன்மேல் போட்டாள். மகனுக்கு அவள் மண் போட்டது அன்றைக்குத்தான்.

அல்பான் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, அவனும் ஒரு பிடி அள்ளிப் போட்டான்.